தடித்த கம்பிதான் பலமா?

அந்தமானின் நீல் தீவுக்கு 2018-இல் ஷாகித் தீவு என்று பெயர் மாற்றினார்கள். படகுத்துறையில் இறங்குபவர்களில் பலர் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு சீதாப்பூர் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். பாதி வழியில் பின்சக்கரத்தில் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு ரிம் நெளிந்து பிரேக் கட்டையில் உரசும். ஒரு ஸ்போக்ஸ் கம்பி அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்படி அறுந்த கம்பிகளைப் பற்றி, போர்ட் பிளேர் அபர்தீன் பஜார் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் ராமநாதபுரத்துப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "உப்புக்காத்து அரிச்சிடுது தம்பி. தடிச்ச கம்பி போட்டாத்தான் தாங்கும்" என்றார். கழற்றிய கம்பிகளை ஒரு பெயின்ட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். துரு கம்பி முழுக்க இருந்தது. ஆனால் அநேகமாக எல்லாமே, ஹப் துளைக்குள் நுழைந்து வளைகிற கழுத்தில்தான் அறுந்திருந்தன. நடுவில் அறுந்தது ஒன்றுகூட இல்லை. உப்பு மட்டுமே காரணமென்றால் கம்பி எங்கு வேண்டுமானாலும் அறலாமே? இந்தக் கேள்விதான் என்னைத் தேட வைத்தது.

முதலில் கம்பியின் நம்பரைப் பார்த்தேன். 14 கேஜ் என்றால் 2 மில்லிமீட்டர், 12 கேஜ் என்றால் 2.6. தடிமன் கூடக்கூட நம்பர் குறையும். கம்பியைத் துளைத்தகட்டில் எத்தனை முறை இழுத்து மெலிய வைத்தார்கள் என்ற பழைய கணக்கு அது. பிரிட்டன் 1884-இல் அதைச் சட்டபூர்வ அளவாக்கியது. அங்கிருந்து வந்த சைக்கிள்களில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 கம்பி. 1949-இல் தொடங்கிய அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ் காலத்துக் கறுப்பு சைக்கிள்களும் அந்த வழியில் வந்தவைதான். பின்னால் மூட்டை ஏறுமென்று கம்பியின் எண்ணிக்கையைக் கூட்டியிருக்கிறார்கள். அதைத் தடிமனைக் கூட்டியதாக நாம் எடுத்துக்கொண்டோமோ என்று தோன்றியது.

இன்னும் பின்னால் போனால் விஷயம் துலங்குகிறது. மாட்டு வண்டிச் சக்கரத்தில் பாரம் கீழே உள்ள ஆரக்கால் மீது நிற்கிறது. அதற்குத் தடிமன் வேண்டும். 1808-இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் கெய்லி, இழுத்துக் கட்டிய கம்பிகளால் ஒரு சக்கரத்தைத் தாங்க முடியும் என்று யோசித்தார். 1869-இல் பாரிஸில் யூஜின் மேயர் கம்பிச் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1874-இல் ஜேம்ஸ் ஸ்டார்லி, கம்பிகளைக் குறுக்காகக் கோர்க்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்றும் அப்படித்தான் கோர்க்கிறோம்.

இந்தச் சக்கரம் எப்படிப் பாரம் சுமக்கிறது என்பதை பொறியாளர் யோப்ஸ்ட் பிராண்ட் 1981-இல் வெளியிட்ட நூலில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆள் ஏறி உட்கார்ந்ததும் தரையைத் தொடும் இடத்தில் ரிம் இம்மி உள்ளே போகும். அங்குள்ள கம்பிகளின் விறைப்பு குறையும். சக்கரம் சுழலச் சுழல ஒவ்வொரு கம்பியும் தளர்ந்து விறைக்கும். கழுத்து அறுவது இந்த ஓயாத ஆட்டத்தில்தான். உப்பு போட்ட குழியில் விரிசல் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

இனி தடிமன் கணக்கு. 29 சென்டிமீட்டர் எஃகுக் கம்பியை 100 கிலோ இழுவிசையில் முறுக்கினால், 14 கேஜ் ஏறத்தாழ 0.45 மில்லிமீட்டர் நீளும். 12 கேஜ் 0.3-ஐக்கூட எட்டாது. நடுவில் 1.5 மில்லிமீட்டராக மெலிந்த கம்பியோ 0.8 வரை நீளும். சக்கரம் பள்ளத்தில் விழுந்து ரிம் 0.3 மில்லிமீட்டர் அமுங்கினால், தடித்த கம்பி முழுக்கத் தொய்ந்துவிடும். கம்பியை ரிம்மில் பிடித்திருக்கும் நிப்பிள் கழலத் தொடங்கும். மெலிந்த கம்பிக்கு இழுவை மிச்சமிருக்கும். அதிர்ச்சியை அக்கம்பக்கத்துக் கம்பிகளோடு பகிர்ந்துகொள்ளும்.

மெல்லிய கம்பி பந்தயக்காரர்களுக்கு என்ற பேச்சும் கடைகளில் உண்டு. கார் நிக்கோபாரின் ஈசோ ஆல்பன் 2018-இல் ஸ்விட்சர்லாந்தில் நடந்த ஜூனியர் உலக டிராக் போட்டியின் கெய்ரின் பந்தயத்தில் வெள்ளி வென்ற பிறகு, இந்தத் தீவுகளில் பந்தய சைக்கிள் ஒன்றும் அந்நியமில்லை. ஆனால் கம்பி மெலிவதால் ஒரு சக்கரத்துக்கு 100 கிராம்கூடக் குறையாது. கம்பி நீண்ட நாள் உழைப்பதுதான் பெரிய லாபம். அது மூட்டை ஏற்றுபவருக்கும் வேண்டியதுதானே.

கணக்கைக் கேட்ட பெரியவர், "அப்ப கழுத்து தடியா, இடுப்பு மெலிசா இருக்கணும்னு சொல்லு" என்றார். அதேதான்.

தீவில் சக்கரம் கோர்ப்பவர்களுக்கு என் தீர்ப்பு இது: இரு முனையிலும் 2.0, நடுவில் 1.8 உள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பித்தளை நிப்பிளும் வாங்குங்கள். பாரம் அதிகமென்றால் கம்பியின் எண்ணிக்கை 36-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிக அதிகமென்றால் கழுத்து மட்டும் 2.3 இருக்கட்டும். 12 கேஜ் சாதாரண ஹப் துளையில் நுழையவே சிரமப்படும். அதற்காகத் துளையைப் பெரிதாக்காதீர்கள். கோட்டம் எடுத்தபின் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து நன்றாக அழுத்திவிடுங்கள். கழுத்தில் தேங்கிய இறுக்கம் தளரும். கடற்கரை போய் வந்தால் சக்கரத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இவ்வளவு செய்தும் கம்பி அறுந்தால், தடிமனைக் குறை சொல்லாமல் விறைப்பைச் சரிபாருங்கள்.