கெலர்ட்டின் ஊர்

வடமேற்கு வேல்ஸில் கிளாஸ்லின், கோல்வின் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் இருக்கிறது பெத்கெலர்ட். கல்வீடுகள், சிலேட்டுக் கூரைகள், ஆற்றின் மேல் ஒரு கல்பாலம், அவ்வளவுதான் ஊர். மேற்கே 782 மீட்டர் உயர மோயல் ஹெபோக். வடக்கே வேல்ஸின் மிக உயர்ந்த சிகரமான ஸ்னோடன், 1,085 மீட்டர். தெற்கே சுமார் 13 கிலோமீட்டர் போனால் போர்த்மடாக், அதையடுத்துக் கடல்.

ஆற்றங்கரைப் புல்வெளியில், மரத்தடியில், ஒரு நாயின் கல்லறை இருக்கிறது. அதன் கதை இது. 13ஆம் நூற்றாண்டில் வேல்ஸை ஆண்ட லுவெலின் வேட்டையிலிருந்து திரும்புகிறான். குழந்தையின் தொட்டில் கவிழ்ந்து கிடக்கிறது. வளர்ப்பு நாய் கெலர்ட் வாயெல்லாம் இரத்தத்தோடு ஓடி வருகிறது. வாளை உருவிக் குத்திவிடுகிறான். அதன்பின்தான் குழந்தையின் அழுகை கேட்கிறது; பக்கத்தில் ஓநாய் ஒன்று செத்துக் கிடக்கிறது.

தமிழருக்கு இந்தக் கதை புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், பிள்ளையைக் காத்த கீரியைக் கொன்றுவிட்ட பார்ப்பனியின் துயரைக் கோவலன் பொருள் கொடுத்துத் தீர்க்கிறான். நாடு நாடாக நடந்த அந்தக் கதை இங்கே வந்து நாயாகிவிட்டது. கல்லறையை எழுப்பியவர், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே விடுதி நடத்திய டேவிட் பிரிச்சர்ட் என்கிறார்கள். வந்து தங்க ஆள் வேண்டுமே! ஆனாலும் அந்தக் கல்லின் முன் நிற்பவர்கள் தங்கள் நாயின் தலையைத் தடவிக்கொடுக்காமல் நகர்வதில்லை. வரலாறு இல்லையென்பதால் அந்தத் துயரம் பொய்யாகிவிடாது.

சுற்றுவட்டாரத்தில் நாயோடு தங்கக்கூடிய மரக்குடில்கள் நிறைய உண்டு. நல்ல குடிலை அடையாளம் காண்பது எளிது: வேலியடைத்த தோட்டம், சேறு கழுவ வாசலில் குழாய், ஈரம் தாங்கும் தரை. மழை ஓயாத ஊர் இது. நாய்க்குத் தனிக்கட்டணம் உண்டா, எத்தனை நாய்வரை விடுவார்கள் என்பதை முன்பதிவின்போதே கேட்டுவிட வேண்டும். கெர்னார்வனிலிருந்து போர்த்மடாக் வரை 40 கிலோமீட்டர் ஓடும் நீராவி ரயில் இந்த ஊரில் நிற்கும், நாயையும் ஏற்றிக்கொள்வார்கள்.

மலையில்தான் கவனம் வேண்டும். எங்கும் செம்மறி ஆடுகள். கதையில் இரத்த வாயோடு நின்ற நாய் குற்றமற்றது, மலையில் அப்படியிருக்காது. வீட்டில் சாதுவான நாய்கூட ஓடும் ஆட்டைக் கண்டால் துரத்தும். கடிக்கவே வேண்டாம், மிரண்டு ஓடினாலே சினை ஆட்டின் கரு கலையக்கூடும். ஆட்டை விரட்டும் நாயின் உரிமையாளர் குற்றவாளி என்கிறது 1953ஆம் ஆண்டுச் சட்டம். திறந்த மலைவெளியில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை இரண்டு மீட்டருக்கு மிகாத கயிற்றில்தான் பிடித்திருக்க வேண்டும். ஆடு பக்கத்திலிருந்தால் இந்தக் கட்டாயம் ஆண்டு முழுவதும். மேய்ப்பவரின் பிழைப்பை நினைத்தால், இது கடுமையான விதியே அல்ல.

போர்த்மடாக்கை அடுத்த பிளாக் ராக் கடற்கரையில் காரையே மணலில் ஓட்டிச் செல்லலாம்; கோடையில் மட்டும் சில பகுதிகளில் நாய்க்குத் தடை. நாயோடு வருபவர்களுக்கு நான் சொல்லும் மாதம் அக்டோபர். கடற்கரைத் தடை நீங்கியிருக்கும், ஆட்டுக்குட்டிகள் வளர்ந்திருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும்.