கடலை அளவுக் கல்

ஹஜ் யாத்திரையின் கல்லெறியும் கடமை எங்கள் நாளிதழ்களின் முதற்பக்கத்துக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் மரணங்களின் வழியாகத்தான். 1994இல் 270 பேர். 2004இல் 251 பேர். 2006 ஜனவரி 12ஆம் திகதி ஏறத்தாழ 350 பேர். யாவும் மினாவில் கல்லெறியும் இடத்து நெரிசலில். 2015 செப்டெம்பர் 24ஆம் திகதி அங்கே செல்லும் வீதியில் நேர்ந்த நெரிசலில் சவூதி அரசின் கணக்கின்படியே 769 பேர் மாண்டனர். இச்செய்திகளை இரவிரவாக மொழிபெயர்க்கும் ஆசிரிய பீடங்களில், "சாத்தானுக்குக் கல்லெறியும் சடங்கு" என்ற ஒரு தொடருடன் விளக்கம் முடிந்துவிடும்.

வெள்ளவத்தையில் எனது அயலில் ஹாஜியார் ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியர், என்னிலும் மூத்தவர். எறியும் கல் எவ்வளவு பெரிது என்று அவரிடம் கேட்டேன். "கடலை அளவு தம்பி. அதை விடப் பெரிசு கூடாது" என்றார்.

மகனைப் பலியிடச் சென்ற இப்ராஹீம் நபியை மறித்து மனத்தைக் கலைக்க முயன்றான் ஷைத்தான். அவர் கல்லெறிந்து விரட்டினார் என்பது மரபு. அதன் நினைவாகவே யாத்திரிகர்கள் பெரும்பாலும் முஸ்தலிபாவில் பொறுக்கிய கற்களுடன் மினாவுக்கு வருகிறார்கள். துல்ஹஜ் 10ஆம் நாள் ஜம்ரத்துல் அகபாவில் ஏழு கற்கள். அடுத்த நாள்களில் மூன்று இடங்களிலும் ஏழேழாக. 12ஆம் நாளுடன் புறப்படுபவர் எறிவது 49. 13ஆம் நாளும் தங்குபவர் எறிவது 70. கல் படும் இடம் ஷைத்தான் அல்ல, அடையாளம் மட்டுமே.

தமக்காகப் பொறுக்கப்பட்ட சிறு கற்களைக் கையில் வைத்து, இத்தகையவற்றையே எறியுங்கள் என்று காட்டிய நபிகள் நாயகம், மார்க்கத்தில் வரம்பு மீறுவதையிட்டும் அந்த இடத்திலேயே எச்சரித்ததாக ஹதீஸ் கூறுகிறது. கல்லின் அளவும் வரம்பின் அளவும் ஒரே மூச்சில் பேசப்பட்டிருக்கின்றன.

முன்னர் அங்கே தூண்களே இருந்தன. ஒருபுறத்தார் எறிந்த கல் தூணைத் தவறி மறுபுறத்தார்மீது விழுந்தது. 2004இன் பின்னர் அவை நீண்ட சுவர்களாக மாற்றப்பட்டன. 2006 விபத்தை அடுத்துப் பழைய பாலத்தை இடித்துப் பல தளங்கள் கொண்ட புதிய பாலம் எழுப்பினார்கள்.

எங்கள் ஊரில் எறியப்பட்ட கற்கள் கடலை அளவினவாக இருக்கவில்லை. 1983 யூலையில் இதே வெள்ளவத்தையில் தமிழர் கடைகளின் கண்ணாடிகள் நொறுங்கியதைச் சிறுவனாகக் கண்டவன் நான். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, கொட்டாஞ்சேனையை அண்டிய கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில், மார்க்கத்தின் பெயரால் வரம்பு மீறியவர்கள் குண்டு வெடிக்க வைத்தார்கள். மூன்று வாரங்களில், அதில் எந்தப் பங்கும் இல்லாத முஸ்லிம்களின் கடைகள்மீதும் பள்ளிவாசல்கள்மீதும் சிலாபத்திலும் குருநாகல் மாவட்டத்திலும் மினுவாங்கொடையிலும் கற்கள் பறந்தன, தீயும் வைக்கப்பட்டது. எறிந்த ஒவ்வொருவனும் தன் எதிரே ஷைத்தான் நிற்பதாகவே நம்பியிருப்பான்.

ஹாஜியாரின் உறவினர் கடையொன்றும் அப்போது எரிந்தது. 2023இல் அவர் ஹஜ்ஜுக்குப் போனார். கல்லெறியும்போது யாரை நினைத்தீர்கள் என்று கேட்டேன்.

"முதல் கல்லை எடுக்கக்குள்ள, கடைக்கு நெருப்பு வைச்சவன்தான் மனசுல வந்தான் தம்பி. அவனுக்கு எறியவா இவ்வளவு தூரம் வந்தன் என்று நினைச்சன். கை எழும்பல்ல. அந்தக் கோபத்தைத்தான் ஷைத்தான் என்று வைச்சி எறிஞ்சன். ஏழு கல்லும் அதுக்கே போயிற்று."

"மிச்சக் கல்?"

"அதுக்கும் ஆள் இருந்திச்சே," என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.