இரண்டு பிரதிகள்

ஒரு பொருள் இரண்டு இடத்தில் இருந்தால் பத்திரம் என்று நினைப்பது மனித சுபாவம். நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைக்க வைத்தது மழை.

2015-ஆம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரைபுரண்டு முடிச்சூருக்குள் வந்தது. எங்கள் அலமாரியின் கீழ்த்தட்டு முழுகிவிட்டது. அந்தத் தட்டில்தான் அம்மா எழுதிய கடிதங்கள் இருந்தன. மசி கரைந்து காகிதமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. உலர்த்தி, படம் பிடித்து, தெரிந்தமட்டும் படித்துக் கணினியில் ஏற்றினேன். பிறகு காகிதங்கள் பூசணம் பூத்து உதிர்ந்துவிட்டன.

"ஒரே இடத்திலே வைக்காதீங்க, மாமா" என்றான் தங்கை மகன். சேலையூரில் அவர்கள் வீட்டு மாடியில் ஒரு கணினி உண்டு. என் மடிக்கணினியில் உள்ளதெல்லாம் தினம் இரவு இரண்டு மணிக்குத் தானாகவே அங்கே போய்ச் சேர ஏற்பாடு செய்தான். ஏற்பாட்டின் பெயர் ஆர்சிங்க். 1996-இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கெராஸ் என்ற இருவர் உண்டாக்கியது.

சாமர்த்தியமான ஏற்பாடுதான். ஒரு கோப்பின் அளவும், கடைசியாகத் திருத்திய நேரமும் மாறாவிட்டால் அதைத் தொடுவதே இல்லை. மாறியிருந்தால், அந்தப் பக்கத்துக் கணினி தன்னிடமுள்ள பழைய பிரதியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் கணக்கிட்டு அனுப்பும். இந்தப் பக்கம் ஒத்துப் பார்த்து, அங்கே இல்லாத துண்டுகளை மட்டும் அனுப்பும். மகளிடம் "உப்பு இருக்கா, புளி இருக்கா?" என்று விசாரித்துவிட்டு, இல்லாததை மட்டும் மூட்டை கட்டும் தாயார் மாதிரி.

ஒரு நாள் மடிக்கணினியில் இடம் போதவில்லை. 'அம்மா' என்ற கோப்புறை கண்ணில் பட்டது. சேலையூரில்தான் இருக்கிறதே என்ற தைரியத்தில் அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன்.

மறுநாள் சேலையூரிலும் அது இல்லை.

"அது தப்புப் பண்ணலே, மாமா. இங்கே இல்லாதது அங்கேயும் இருக்க வேண்டாம்னு நான்தான் சொல்லி வெச்சிருந்தேன். நீங்க அழிச்சீங்க, அதுவும் அழிச்சுது." எவையெவை அழியும் என்று முன்கூட்டிப் பட்டியல் மட்டும் காட்டும் ஒத்திகையும், அழிவதைத் தனியே ஒதுக்கி வைக்கும் வசதியும் அதில் உண்டாம். நாங்கள் இரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. வெள்ளத்துக்குத்தான் அவை இரண்டு பிரதிகள். என் கைக்கு ஒன்றேதான்.

பெசன்ட் நகரில் உ.வே.சாமிநாதையர் பெயரில் உள்ள நூல்நிலையம் அன்று நினைவுக்கு வந்தது. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க ஐயர் எத்தனையோ இடங்களில் ஏடு தேடினார். ஏட்டுக்கு ஏடு பாடம் வேறுபட்டது. ஒன்றில் சிதைந்தது மற்றொன்றில் பிழைத்திருந்தது. ஒரு வீட்டு ஏடு ஒடிந்தால் ஊரிலுள்ள ஏடெல்லாம் அன்றிரவே ஒடிந்துவிடும் என்றிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

எனக்கு மிஞ்சியது தங்கையால். எப்போதோ படிப்பதற்காகக் கடிதங்களைப் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தாள். படங்கள் இல்லை; எழுத்து மட்டும். அதையும் தன் இஷ்டத்துக்குத் திருத்தியிருந்தாள். மசி கரைந்த ஓரிடத்தில் நான், "பணம் வேண்டாம், நீ வந்தால் போதும்" என்று படித்திருந்தேன். அவள் பிரதியில், "பணமும் வேண்டும், நீயும் வரவேண்டும்" என்று இருந்தது.

"அண்ணா, அம்மா எந்தக் காலத்திலே பணம் வேண்டாம்னு சொன்னாள்?" என்றாள்.

மூலம் இல்லை, தீர்ப்புச் சொல்ல யாரும் இல்லை. அவள் பாடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, என் பாடத்தை அடிக்குறிப்பாகச் சேர்த்திருக்கிறேன். பென் டிரைவை மட்டும் எந்தக் கணினியோடும் இணைத்து வைப்பதில்லை. அது தங்கையின் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.