மாடி அறைக்கு மட்டும் போதும்

கோயம்புத்தூர்,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள தம்பி செல்வத்துக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மாடி அறைக்கு வினைல் டைல்ஸ் ஒட்டப்போவதாகவும், அம்மா அறைக்கும் ஹாலுக்கும் சேர்த்தே வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். மாடிக்குத் தாராளமாக ஒட்டு. கீழே வேண்டாம்.

கும்பகோணத்து மண் உனக்குத் தெரியாததா? மழைக்காலம் வந்தால் அம்மா அறைச் சுவரின் அடிப்பூச்சு உப்புப் பூத்து உதிர்கிறதே, அதே ஓதம்தான் தரை வழியாகவும் ஏறுகிறது. சிமெண்ட் தரை அந்த ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். வினைல் பிளாஸ்டிக், விடாது. ஈரம் அடியிலேயே தேங்கிப் பசை இளகும், ஓரம் தூக்கும், பூஞ்சை வாடை வரும். வியர்த்த நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு நிற்குமா? போதாக்குறைக்கு, வெள்ளிக்கிழமை தோறும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடும் அறை அது. ஈரமான வினைல் வழுக்கும். அம்மா நடமாடும் இடத்தில் அந்த வம்பே கூடாது.

ஹாலில் இருப்பது தாத்தா போட்ட ரெட் ஆக்சைடு தரை. இத்தனை வருஷம் எண்ணெய் தேய்த்து மெருகேறிய தரையில் பசை சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும் நான் சம்மதிக்க மாட்டேன். அப்படித் தேய்த்துப் போடத் தெரிந்த கொத்தனாரை இன்றைக்குத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதை மூடாதே.

இனி மாடி அறை. டைல்ஸ் வாங்கும் முன், இந்த மழையிலேயே ஒரு சோதனை செய். இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விட்டுவை. குளியலறைச் சுவர் ஓரமும் நடுவிலும் தனித்தனியாக வை. எடுத்துப் பார்க்கும்போது அடியில் நீர் கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ, முதலில் கசிவை அடைக்க வேண்டும். காய்ந்திருந்தால் தை பிறந்ததும் ஒட்டலாம்.

வேலையில் முக்கால் பங்கு தரையைத் தயார் செய்வதுதான். ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள டைல்ஸ் அடியில் இருப்பதை மறைக்காது. ஒரு மணல் துகள் இருந்தாலும் சில மாதத்தில் மேலே புடைத்துத் தெரியும். குழந்தைகள் எனாமல் பெயின்டில் போட்ட கோலத்தைச் சுரண்டி எடு. கொத்தனாரிடம் மட்டப்பலகை வாங்கித் தரையில் வைத்துப் பார். பத்தடி நீளத்துக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் இருக்கக் கூடாது. பள்ளத்தைத் தரைக்கென்றே விற்கும் லெவலிங் கலவையால் நிரப்பு. சுவருக்குப் பூசும் பட்டியை வாங்கிவிடாதே, மிதி தாங்காமல் பொடிந்துவிடும். நன்றாகக் காய்ந்தபின் தூசி துடைத்து பிரைமர் அடி. சிமெண்ட் தரை பொடி விட்டுக்கொண்டே இருக்கும். பிரைமர் இல்லாமல் ஒட்டினால் பசை அந்தப் பொடியைத்தான் பிடித்துக்கொள்ளும்.

பெட்டிகளை இரண்டு நாள் முன்பே அந்த அறையில் படுக்கைவாட்டில் வைத்துவிடு. அறையின் சூட்டுக்கு டைல்ஸ் பழக வேண்டும்.

ஒட்டுவதை ஒரு சுவரிலிருந்து தொடங்காதே. உன் அறை அகலம் 10 அடி 3 அங்குலம் என்று எழுதியிருக்கிறாய். ஓரடி டைல்ஸை ஒரு பக்கமிருந்து வரிசையாக ஒட்டினால் மறுபக்கம் மூன்றங்குலக் கீற்று மிஞ்சும். பார்க்கவும் அசிங்கம், சீக்கிரம் பெயரும். நடுவில் ஒன்பது முழு டைல்ஸ் வைத்தால் இரண்டு ஓரத்திலும் ஏழரை அங்குலம் வரும். நீளம் 12 அடி என்பதால் மொத்தம் 132 வேண்டும். சேதாரத்துக்குச் சேர்த்து 145 வாங்கு. எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண்தானா என்று பார், இல்லாவிட்டால் நிறம் மாறும்.

நடுவில் குறுக்கும் நெடுக்கும் நூல் பிடித்துக் கோடு போடு. மூலைமட்டம் சரியா என்பதை ஒரு கோட்டில் மூன்றடி, மற்றதில் நாலடி அளந்து பார். குறுக்களவு சரியாக ஐந்தடி வர வேண்டும். டைல்ஸின் பசையை மூடிய தாளை உரிக்காமல் முதலில் ஒரு வரிசை பரப்பிப் பார்த்துவிட்டு ஒட்டு. பின்பக்க அம்புக்குறிகள் பெட்டியில் சொன்ன திசைக்கே இருக்கட்டும். சுவரோரத் துண்டுக்கு டேப் பிடித்து அளக்க வேண்டாம். கடைசி முழு டைலின் மேல் ஒன்றை அச்சாக வை. அதன்மேல் இன்னொன்றைச் சுவரை ஒட்டி வைத்து, அதன் ஓரத்தை ஒட்டி அடியிலிருக்கும் அச்சு டைலைக் கட்டரால் கீறு. கீறிய இடத்தில் மடித்தால் முறிந்துவிடும். சுவர் கோணலாக இருந்தாலும் துண்டு கச்சிதமாக உட்காரும். ஒவ்வொன்றையும் நடுவிலிருந்து ஓரத்துக்கு ரோலரால் அழுத்து. ரோலர் இல்லாவிட்டால் பூரிக்கட்டையே போதும்.

ஒட்டியபின் ஐந்து நாள் ஈரத்துணி போடாதே. ரப்பர் அடி வைத்த மிதியடியும் வேண்டாம், மஞ்சள் கறை படியும். மேற்கு ஜன்னலுக்குத் திரை போட்டுவிடு; நேர்வெயில் பட்டால் பசை இளகும்.

பிளாஸ்டிக் தாள் சோதனை எப்படி வந்தது என்று தெரிவி. அதற்கு முன் கடைக்காரர் தள்ளுபடி என்று எவ்வளவு சொன்னாலும் முன்பணம் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
உன் அக்கா