பனி தங்காத வாசல்கள்

ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யாவிக்கில் குளிர்காலத்தில் ஒரு குடியிருப்புத் தெரு வழியே நடந்தால் வீட்டுக்கு வீடு ஒரு வித்தியாசம் தெரியும். ஒரு வீட்டின் முன்னால் கணுக்கால் புதையும் பனி. அடுத்த வீட்டிலோ, தெருவிலிருந்து கார் நிறுத்தும் இடம்வரை தரை மழை பெய்து ஓய்ந்ததுபோல் ஈரமாகக் கிடக்கிறது. யாரும் பனியை வாரவில்லை, உப்பும் தூவவில்லை. தரைக்கு அடியில் வெந்நீர் ஓடுகிறது.

இந்த ஊரின் குளிர் பலரும் நினைக்கும் அளவுக்குக் கொடியதல்ல. ஜனவரியின் சராசரி வெப்பநிலை பூஜ்யம் டிகிரியை ஒட்டியே இருக்கும். தொல்லையே அதில்தான். பகலில் உருகும் பனி இரவில் கண்ணாடிபோல் இறுகிவிடுகிறது. அதன்மேல் புதிய பனி விழுந்து மூடிக்கொள்கிறது. யானைக்கும் அடி சறுக்கும் தரை அது. வயதானவர்களுக்கு வாசலைத் தாண்டுவதே கண்டம்.

தீர்வு பூமிக்குள்ளேயே இருந்தது. நகரின் முக்கியக் கடைவீதியின் பெயர் லாய்கவேகூர். வெந்நீர்க் குளங்களுக்குப் போகும் பாதை என்று பொருள். ஒரு காலத்தில் பெண்கள் அழுக்குத் துணி மூட்டைகளைச் சுமந்துகொண்டு இந்த வழியாகத்தான் ஊருக்கு வெளியே இருந்த ஊற்றுகளுக்குப் போனார்கள். 1930இல் அந்த ஊற்றுப் பகுதியிலிருந்து 3 கிலோமீட்டர் குழாய் பதித்து, ஒரு பள்ளிக்கும் சில கட்டடங்களுக்கும் சுமார் 60 வீடுகளுக்கும் வெந்நீர் கொண்டுவந்தார்கள். இன்று நாட்டில் பத்து வீடுகளில் ஒன்பது பூமியின் சூட்டில்தான் கதகதப்பாகின்றன. நெஸ்யாவெல்லிர் நிலையத்திலிருந்து 1990 முதல் 27 கிலோமீட்டர் குழாய் வழியே வரும் வெந்நீர், வழியில் 2 டிகிரிகூட ஆறுவதில்லை.

சுமார் 80 டிகிரியில் வீட்டுக்குள் நுழையும் நீர், அறைகளைச் சூடாக்கிவிட்டு வெளியேறும்போது 35 டிகிரியில் இருக்கிறது. முன்பு அது நேரே சாக்கடைக்குப் போனது. அதை வாசலுக்கு அடியில் ஒரு சுற்று விட்டு அனுப்பினால் என்ன? 1980களுக்குப் பிறகு வேகமாகப் பரவிய யோசனை இதுதான்.

வேலை எளிதுதான். ஆனால் தளம் போடும்போதே செய்தாக வேண்டும். 25 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாயை 25 சென்டிமீட்டர் இடைவெளியில் பாம்புபோல் வளைத்து வளைத்துப் போடுகிறார்கள். கான்கிரீட் தளம் என்றால் குழாயைக் கம்பி வலையோடு சேர்த்துக் கட்டி, அழுத்தம் ஏற்றி, ஒழுகவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே கலவையைக் கொட்ட வேண்டும். பிறகு கசிந்தால் தளத்தையே உடைக்க நேரிடும். தரைக்கு வாட்டமும் சரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உருகிய நீர் ஓரத்தில் தேங்கி மறுபடி உறைந்துவிடும். நீரோட்டம் நின்றால் குழாயே உறைந்து வெடிக்கலாம் என்பதால், பல இடங்களில் உறையாத திரவத்தைக் குழாயில் சுற்றவிட்டு, அதற்குச் சூட்டை மட்டும் கழிவு வெந்நீரிலிருந்து ஏற்றுகிறார்கள்.

இப்படிச் சூடாகும் தரை நாடு முழுவதும் சுமார் 12 லட்சம் சதுர மீட்டர் என்று 2010களில் கணக்கிட்டார்கள். ஏறக்குறைய 300 ஏக்கர். லாய்கவேகூரின் நடைபாதைகளும் இதில் அடக்கம்.

ஆடம்பரமா? கணக்கைப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 430 யூனிட் வெப்பம் செலவாகிறது. இரண்டு கார் நிற்கும் 50 சதுர மீட்டர் வாசலுக்கு 21,500 யூனிட். மின்சாரத்தையோ எரிவாயுவையோ காசு கொடுத்து வாங்கி இதைச் செய்பவர் பணத்தைப் பனியில் கரைக்கிறார். ரெய்க்யாவிக்வாசிக்கோ இதில் பாதிக்கு மேல், ஏற்கனவே விலை கொடுத்து வாங்கிப் பயன்படுத்திய நீரின் மிச்சச் சூடு.

சிக்கல் மீதிப் பாதியில் இருக்கிறது. பனி கொட்டும்போது 35 டிகிரி நீர் போதாது. பெரிய அமைப்புகளில் அப்போது 80 டிகிரிப் புது நீரையும் கலக்கிறார்கள். வீடுகளுக்கு வெந்நீர் மிக அதிகமாகத் தேவைப்படும் நாளும் அதுவேதான். ஊற்றுகள் வற்றாதவை என்ற நம்பிக்கை கடுங்குளிரில் ஆட்டம் காண்கிறது. 2022 டிசம்பரில் வெந்நீர் போதாமல் தலைநகரின் நீச்சல் குளங்களையே மூட வேண்டியதாயிற்று.

2024 பிப்ரவரி 8 அன்று, தென்மேற்கே ரெய்க்யானெஸ் தீபகற்பத்தில் எரிமலைக் குழம்பு பாய்ந்து வெந்நீர்க் குழாயைத் துண்டித்தது. சூடு தந்த அதே பூமிதான் அதைப் பறித்தது. 20,000 பேருக்கு மேல் உறைபனிக் குளிரில் வெந்நீர் இல்லாமல் தவித்தார்கள். இணைப்பைச் சீராக்கச் சில நாள்கள் பிடித்தன. வாசலின் சூடு வீட்டுச் சூட்டின் மிச்சம் மட்டுமே. வீடு குளிர்ந்தால் வாசலும் உறையும்.