சிட்டுக்குருவிக்கு வந்த காய்ச்சல்

ஹௌராவில் இறங்கியதுமே குளிர் முகத்தில் அறைந்தது. எங்கள் கீழ்பென்னாத்தூரில் மார்கழிப் பனியெல்லாம் வெயில் ஏறியதும் ஓடிவிடும். இங்கே ஒன்பது மணிக்கும் காதை மூடிக் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள்! தெருவெல்லாம் கடுகெண்ணெய் வாசனை. மண் குவளையில் டீ தருகிறார்கள். குடித்ததும் அதை வீசி உடைக்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. கழுவிப் பையில் வைத்துக்கொண்டேன்.

நான் தேடி வந்தது ஓர் ஆஸ்பத்திரி மதிலை. கல்கத்தாவின் ரவீந்திர சதன் மெட்ரோவுக்குப் பக்கத்தில் எஸ்.எஸ்.கே.எம். ஆஸ்பத்திரி, ஊரார் வாயில் இன்னும் 'பி.ஜி.'தான். மதிலோடு சேர்ந்தாற்போல் மருத்துவர் ரொனால்ட் ராஸின் நினைவு வாயில். அங்கிருந்து தென்கிழக்கே எழுபதே கெஜத்தில் இருந்த சின்ன ஆய்வுக்கூடத்தில், 1898இல், கொசு வழியாக மலேரியா பரவும் விதம் அவருக்குப் பிடிபட்டது என்கிறது கல்வெட்டு. படித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

முந்தின வருஷமே செகந்திராபாத்தில், நோயாளியைக் கடித்த கொசுவின் வயிற்றில் ராஸ் கிருமியைப் பார்த்துவிட்டார். கல்கத்தாவிலோ பிளேக் பீதி. ஊசியைக் கண்டாலே ஜனங்கள் ஓடினார்கள். அதனால் அவர் பறவைகளிடம் போனார். காக்கை, வானம்பாடி, சிட்டுக்குருவிக்கெல்லாம் மலேரியா உண்டாமே! அது பறவைகளுக்கே உரிய கிருமி, மனிதருக்கு ஒட்டாது. நோயுள்ள குருவியைக் கடித்த கொசுவை நாள்தோறும் அறுத்துப் பார்த்தார். வயிற்றுச் சுவரில் கொப்புளம். அது வெடித்து, நூல்போன்ற கிருமிகள் எச்சில் சுரப்பிக்குப் போய்ச் சேருகின்றன. அப்படிப்பட்ட கொசுக்களை 28 நல்ல குருவிகளைக் கடிக்கவிட்டார். 22 குருவிகளுக்கு நோய் வந்தது. 1902இல் நோபல் பரிசு அவருக்கு. அந்தக் காலப் படமொன்றில் ராஸும் மனைவியும், உதவியாளர் முகமது பக்ஸும், கூடவே பறவைக் கூண்டுகளும் இருக்கின்றன. கூண்டுக் குருவிகளை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

சாயங்காலம் மைதானத்தில் உட்கார்ந்தால் கொசு பிய்த்தெடுக்கிறது. ராஸின் குருவிகளுக்கு நோயைக் கொண்டுபோனது க்யூலெக்ஸ், எங்கள் ஊர்ச் சாக்கடையில் பெருகும் அதே ஜாதி. 1826இல் கப்பலேறி ஹவாய்த் தீவுகளுக்கும் போய்விட்டதாம் அது. கொசுவையே கண்டிராத அந்தத் தீவுகளின் தேன்குடிக்கும் பறவைகள் பறவை மலேரியாவில் கொத்துக்கொத்தாகச் செத்தன. மிச்சமிருப்பவை குளிர்ந்த மலையுச்சிகளில் ஒதுங்கியிருக்கின்றன. பூமி சூடாக ஆக, கொசு அங்கேயும் ஏறுகிறது. அந்தப் பறவைகளைக் காப்பாற்ற என்ன செய்கிறார்கள் தெரியுமா? இதற்கென்றே வளர்த்த ஆண் கொசுக்களை ஹெலிகாப்டரில் கொண்டுபோய்க் காட்டுக்குள் விடுகிறார்கள்! அவை கடிக்காது, அவற்றோடு சேரும் பெண் கொசுவின் முட்டையும் பொரியாது. ஹவாயின் மாவித் தீவில் 2023இல் தொடங்கிய வேலை, இன்னும் நடக்கிறது.