மெழுகு வாங்கிய மணல்

பெரியம்மாவின் காரியம் முடிந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது பட்டுப்புடவைகளை அக்காமார் எடுத்துக்கொண்டார்கள். வெள்ளிக் குங்குமச்சிமிழுக்காகக் கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. அடியில் கிடந்த ஒரு துணியை மட்டும் யாரும் தொடவில்லை. “இது உன் ஆளுங்க பண்ணினதுதான்டா” என்று பெரிய அக்கா என் மடியில் போட்டாள்.

கருநீலத்தில் பழுப்பு மீன்கள். மெழுகு உடைந்த இடங்களிலெல்லாம் சாயம் புகுந்து மயிரிழைக் கோடுகள். பாத்திக். அறுபதுகளில் மெட்ராஸில் ஏதோ கண்காட்சியில் பெரியப்பா வாங்கிவந்ததாம். என்ன விலை என்பது வீட்டில் யாருக்கும் நினைவில்லை. ஆனால் அந்த விலைக்காகப் பெரியம்மா அவரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது.

அந்த வாரம் நான் ஓர் அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். மேம்பாலத்தூண் ஒன்றில் ஓவியம் வரைந்ததற்கான பில். கோப்பைப் புரட்டியவர், “ஓவியத்துக்குன்னு தனி ஹெட் இல்ல சார், பராமரிப்புல போட்டிருக்கு” என்றார். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு, “எத்தனை கோட்டு அடிச்சீங்க?” என்று கேட்டார். முகத்துக்கு ஏழெட்டு, ஆகாயத்துக்கு இரண்டு என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். “ரெண்டு” என்றேன்.

திரும்பிவரும் வழியில்தான் அந்தத் துணி நினைவுக்கு வந்தது. மாணவனாக இருந்த காலத்தில் எங்களிடையே ஒரு நம்பிக்கை இருந்தது: ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கும் நிலம், கே.சி.எஸ். பணிக்கர் கேட்டு அரசாங்கம் கொடுத்தது. நானும் நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அரசு கலைப்பள்ளி முதல்வர் கேட்டால் கொடுக்கமாட்டார்களா என்ன. தேட ஆரம்பித்ததும் முதலில் உடைந்தது அந்தக் கதைதான். நிலத்தை வாங்கியது பாத்திக் துணி.

பணிக்கர் 1957இல் டி.பி. ராய் சௌத்ரிக்குப் பிறகு பள்ளியின் முதல்வரானார். கையில் சுத்தமான தொழில் தெரிந்த பிள்ளைகள் வருஷாவருஷம் வெளியே போய் விளம்பரக் கம்பெனியிலோ நெசவாளர் சேவை மையத்திலோ உட்கார்ந்துவிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஓவியத்தை வாங்க ஊரில் ஆளில்லை. மேசைவிரிப்பு, திரைச்சீலை, புடவை என்றால் வாங்குவார்கள். சரி, அதையே செய்வோம், அந்தக் காசில் படம் வரைவோம் என்பதுதான் கணக்கு. கைவினைச் சங்கம் ஒன்று வைத்து, பாத்திக்கும் தோல்வேலையும் செய்து விற்று, ஏறத்தாழ 10 ஏக்கர் மணலை வாங்கி, 1966இல் கிராமத்தைத் தொடங்கினார்கள். சவுக்கும் மணலுமாகக் கிடந்த கரை அது. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதே மணலின் விலையைக் கேட்டால், முழுக்கப் பாத்திக்கால் போர்த்தினாலும் ஈடாகாது.

இன்னும் பின்னால் போனேன். பெரியமேட்டில் அந்தக் கலைப்பள்ளியின், இப்போது கல்லூரி, செங்கல் கட்டடத்தைப் பார்க்கும்போதெல்லாம் கலைக்காகக் கட்டினது என்று பெருமிதப்படுவோம். 1850இல் பள்ளியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டர் ஓவியர் அல்ல, மருத்துவர். முதலில் அவருடைய சொந்த முயற்சிதான். பிற்பாடுதான் அரசு எடுத்துக்கொண்டது. மண்பாண்டம், செங்கல், ஓடு, மரச்செதுக்கு என்று விலைபோகிற பொருள்களையும் அங்கே செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். ஆக, கம்பெனி ஆட்சிக்கும் என் பில்லைப் புரட்டியவருக்கும் நடுவே பெரிய அபிப்பிராய பேதம் இல்லை. ஓடு புரிகிறது, கோட்டு புரிகிறது.

நியாயமாகப் பேசினால், இந்த ஊர் அரசியலைப்போல ஓவியனுக்குப் படியளந்த புரவலர் வேறு யாருமில்லை. அண்ணாசாலையில் தலைவர்களும் நடிகர்களும் மூன்று மாடி உயரத்துக்கு நின்ற காலம் எனக்குத் தெரியும். சின்னப் படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பெரிதாக்கிப் பலகையில் இறக்கி, கீழே இருந்து பார்ப்பவனுக்கு மூக்கு சரியாகத் தெரிய மேலே எவ்வளவு கோணலாக வரையவேண்டும் என்பதைக் கண்ணாலேயே அளந்தவர்கள் பேனர் ஓவியர்கள். எங்கள் கல்லூரியில் அதற்கு மதிப்பெண் கிடையாது. சுவர்களுக்கும் அப்போதே இடஒதுக்கீடு உண்டு. இன்ன வருஷம் வரை இன்ன கட்சிக்கு என்று எழுதிவைத்திருப்பார்கள். மெட்ராஸில் எதிர்காலம் நிச்சயமாகத் தெரிந்தது சுவருக்கு மட்டும்தான்.

பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. பேனர் அண்ணன் ஒருவர் சொன்னார்: “ராத்திரி பத்து மணிக்கு ஆர்டர் குடுத்தா காலைல தலைவர் ரெடி. நான் கண்ணுக்கே ரெண்டு நாள் எடுப்பேன் தம்பி.” 2009இல் மாநகராட்சி அண்ணாசாலைச் சுவர்களில் போஸ்டரைத் தடுக்கப் படம் வரைய முடிவுசெய்தபோது, வேலையிழந்த பேனர் ஓவியர்களைத்தான் கூப்பிட்டார்கள். “அறுபது அடி வரைஞ்ச கை, ஆறடியில மாமல்லபுரம் வரைஞ்சுது. ஆனா ஒண்ணு, இந்தத் தடவை யாரும் மாலை போடலை” என்றார். எப்படிக் கூலி என்று கேட்டேன். “சதுர அடிதான். வேற எப்படி?”

சோழமண்டலத்துக்குத் துணியை எடுத்துக்கொண்டு போனது ஒரு செவ்வாய்க்கிழமை. காட்சிக்கூடத்தில் நானும் மின்விசிறியும்தான். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைச் சேர்ந்த படம் ஒன்றின் முன் வெகுநேரம் நின்றேன். எண்ணும் எழுத்துமாய், ஏதோ கணக்குநோட்டைப்போல இருக்கும் அவை. எந்த மொழியிலும் படிக்க முடியாத எழுத்து. அலுவலகத்திலிருந்து வந்தவன் கண்ணுக்கு அது இன்னும் பாஸாகாத பில்லாகத்தான் தெரிந்தது. பணிக்கர் மன்னிக்கட்டும்.

வெளியே மர நிழலில் வயதான ஓவியர் ஒருவர் இருந்தார். துணியை நீட்டினேன். முன்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. திருப்பி, பின்பக்கத்தை வெயிலில் பிடித்தார்.

“மெழுகு அடுப்புல சரியா காயலை. பாருங்க, துணிக்குள்ள இறங்காம மேலயே நின்னிருக்கு. அதான் சாயம் உள்ள பூந்துடுச்சு.”

“நீங்க செஞ்சதா இருக்குமா சார்?”

“நான் செஞ்சிருந்தா ஒத்துக்குவேனா?” என்று சிரித்தார். “அப்பல்லாம் அவசரம். பகல்ல இது, மிச்ச நேரத்துல படம். எவனுக்கு மெழுகு காயற வரைக்கும் பொறுமை இருந்துது? உங்க பெரியப்பா எவ்வளவு குடுத்தாராம்?”

தெரியாது என்றேன். பெரியம்மாவின் கோபத்தை மட்டும் சொன்னேன். அதை வைத்து அவர் மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டார்.

“அவ்வளவு கோபம்னா நல்ல விலைதான். அப்போ இங்க ஒரு பத்து சதுர அடி மண்ணு உங்க வீட்டுது.”

“எந்தப் பத்து சதுர அடி சார்?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். சிற்பங்கள் நிற்கும் புல்வெளியைத் தாண்டி, காட்சிக்கூடத்தைத் தாண்டி, மூலையிலிருந்த தண்ணீர் மோட்டார் கொட்டகையில் போய் நின்றது அவர் விரல்.